குளிர்காலம் வந்தால் கொள்ளைநோய் முற்றுமா?

மார்கழிப் பனி இறங்கும் விடியற்காலையில் பேரப்பிள்ளை வெறுந்தலையுடன் முற்றத்தில் நிற்கக் கண்டால், "பனியிலே நிற்காதே பிள்ளை, தடிமன் பிடிக்கும்" என்று சொல்லாத ஆச்சிமார் நம் நாட்டில் இல்லை. சொல்வதோடு நில்லாமல் தலையிலே ஒரு துவாயையும் சுற்றிவிடுவார்கள். அதற்கு மேலும் பிள்ளை இரண்டு தரம் தும்மிவிட்டால், அன்று மாலையே அடுப்பில் கொத்தமல்லி அவியும். குளிருக்கும் நோய்க்கும் நெருங்கிய உறவு உண்டு என்னும் எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. 'இன்புளுவென்சா' என்ற சொல் இத்தாலிய மொழியில் 'ஆதிக்கம்' என்று பொருள்படும். விண்ணிலுள்ள கோள்களின் ஆதிக்கத்தாலேயே இக்காய்ச்சல் பரவுகின்றது என அந்நாட்டார் ஒருகாலத்தில் கருதினர். நம்மவர் கிரகதோஷம் என்று சொல்வதற்கு இஃது எவ்வளவு அண்மையில் இருக்கின்றது, பாருங்கள்!

2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கோவிட் பெருந்தொற்று உலகத்தை வளைத்துப் பிடித்திருந்த வேளையில், இந்தப் பழைய எண்ணம் புதிய உருவத்தில் எழுந்து நின்றது. "இனிக் குளிர்காலம் வருகின்றதே, நோய் இன்னும் முற்றுமோ?" என்று மேனாட்டு அரசாங்கங்கள் விஞ்ஞானிகளைக் கேட்டன. நம் வீடுகளிலும் அதே கேள்விதான். ரொறன்ரோவிலும் லண்டனிலும் ஒஸ்லோவிலும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, இரவில் தொலைபேசி மணிக்காகக் காத்திருந்த பெற்றோர் எத்தனை பேர்! மகள் லண்டன் வைத்தியசாலையொன்றிலே தாதியாக இருக்கும் தாய்க்கு, அது வெறும் விஞ்ஞான வினாவாக இருக்கவில்லை.

கேள்வி எளிது. விடையோ, நாம் நினைப்பதுபோல் 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் அடங்குவதாக இல்லை. கடந்த நூறாண்டுக் காலத்தில் உலகத்தைச் சுற்றிவந்த பெருந்தொற்றுகளின் கதையை ஒருமுறை புரட்டிப் பார்த்தால், குளிர்காலம் எப்போது கொலைஞனாகின்றது, எப்போது வீண்பழி சுமக்கின்றது என்பது ஓரளவு புலப்படும்.

1918: குளிருக்கு முன்னரே வந்த சாவு

முதலில், யாவரினும் பெரிய கொடியோனைப் பார்ப்போம். 1918ஆம் ஆண்டு இன்புளுவென்சா மூன்று அலைகளாக வந்தது. முதலாம் அலை அவ்வாண்டின் வசந்தகாலத்தில் தோன்றியது. மார்ச் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்துப் படைமுகாமொன்றில் வீரர்கள் பலர் ஒருங்கே படுத்தனர். காய்ச்சல் பரவிய அளவுக்குச் சாவு மிகவில்லை. அடுத்த அலைதான் உலகத்தை நடுங்க வைத்தது. அது வந்த காலம் யாது? டிசெம்பரா, ஜனவரியா? இரண்டுமில்லை. ஓகஸ்ட் மாதக் கடைசியில், ஆபிரிக்காவின் பிரீடவுண், பிரான்சின் பிரெஸ்ட், அமெரிக்காவின் பொஸ்டன் ஆகிய மூன்று துறைமுகங்களில் ஏறக்குறைய ஒரே காலத்தில் அது தலைகாட்டியது. பிரீடவுண் வெப்பமண்டலத்து ஊர். அங்கே குளிர்காலம் என ஒன்றில்லை. மூன்று ஊர்களுக்கும் பொதுவாயிருந்தவை கப்பல்களும், அவற்றிலே நெருக்கியடித்துச் சென்ற போர்வீரர்களுமே.

பிலடெல்பியா நகரத்திலே செப்டெம்பர் 28ஆம் நாள் போர்க்கடன் திரட்டுவதற்காக ஒரு பெரும் ஊர்வலம் நடைபெற்றது. ஏறத்தாழ 2 இலட்சம் மக்கள் தெருவோரங்களிற் கூடி நின்று கண்டுகளித்தனர். சில நாள்களுக்குள் அந்நகரத்து வைத்தியசாலைகளில் படுக்கை கிடைக்கவில்லை. ஆறே வாரங்களில் 12,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். அமெரிக்கா முழுவதிலும் அவ்வாண்டு மிகக் கூடுதலான உயிர்களைக் குடித்த மாதம் ஒக்டோபர். பனிக்கட்டி விழத் தொடங்குமுன்னரே கல்லறைகள் நிறைந்துவிட்டன. நடுக்குளிர்காலத்தில், அதாவது 1919ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வந்த மூன்றாம் அலை கொடியதாயினும் இரண்டாவதற்கு ஈடாகவில்லை.

நமக்கு அயலில் நிகழ்ந்தது இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. பம்பாய் நகரத்திலே 1918 ஜூன் மாதம் துறைமுகத்தை ஒட்டி நோய் தோன்றியது. செப்டெம்பரில் இரண்டாம் அலை எழுந்து, ஒக்டோபர் தொடக்கத்தில் நகரத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. பின்னர் அது புகைவண்டிப் பாதை வழியே இந்தியாவின் உட்பகுதிகளுக்கு ஏறியது. அவ்வாண்டு பருவமழையும் பொய்த்தமையால் ஊர்தோறும் பஞ்சம். பசித்த உடலைக் காய்ச்சல் பற்றிக்கொண்டது. இந்தியாவில் மாத்திரம் 1 கோடி 20 இலட்சம் முதல் 2 கோடி வரையான மக்கள் மடிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் மதிப்பு. உலகத்தில் வேறெந்த நாட்டிலும் இத்தனை பேர் இறக்கவில்லை. குளிர் நாடுகள் என்று பெயர்பெற்ற ஐரோப்பிய நாடுகளைவிட, வெயிலுக்குப் பெயர்பெற்ற நாடே கூடுதலாக இழந்தது என்பதை மறந்துவிடலாகாது. நம் இலங்கையையும் அந்நோய் விட்டுவைக்கவில்லை. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பல், புகைவண்டிச் சேவை 1914இலேயே தொடங்கியிருந்தது. மக்கள் செல்லும் வழியே நோயும் செல்லும் அன்றோ?

இந்தக் கதையிலே இன்னுமோர் இடம் உண்டு. பசிபிக் சமுத்திரத்திலுள்ள சமோவாத் தீவுகளில் என்றும் வெயில்தான். 1918 நவம்பர் 7ஆம் நாள் நியூசிலாந்திலிருந்து 'தலூன்' என்னும் கப்பல் மேற்குச் சமோவாவின் அப்பியாத் துறைமுகத்தை அடைந்தது. கப்பலில் நோயாளிகள் இருந்தனர். ஆயினும் பிரயாணிகள் இறங்க அனுமதிக்கப்பட்டனர். இரண்டு மாதம் முடிவதற்குள் அத்தீவு மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினர் இறந்துபோயினர். அருகேயிருந்த அமெரிக்கச் சமோவாவின் ஆளுநர் ஜோன் பொயர் என்பவர், வந்த கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அங்கே ஒருவர்கூட இந்நோயால் இறக்கவில்லை. இரு தீவுகளுக்கும் ஒரே கடல், ஒரே காற்று, ஒரே வெப்பம்!

அப்படியானால் குளிருக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லையா?

இவ்வளவையும் படித்த வாசகர்கள், 'ஆச்சி சொன்னது மூடநம்பிக்கை' என்று தீர்த்துவிட வேண்டாம். ஆண்டுதோறும் வரும் சாதாரண இன்புளுவென்சா, குளிர் நாடுகளில் குளிர்காலத்திலேயே வருகின்றது. வடகோளத்தில் டிசெம்பர் முதல் மார்ச் வரை. தென்கோளத்திலுள்ள அவுஸ்திரேலியாவில் ஜூன் முதல் செப்டெம்பர் வரை. சூரியன் விலகிச் செல்லும் பக்கத்தை நோக்கி நோயும் செல்கின்றது. இது தற்செயலாக இருக்க முடியாது.

இதன் காரணத்தைக் கண்டறிய விஞ்ஞானிகள் பட்ட பாடு சுவையானது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின், 1946இல், இங்கிலாந்தின் சோல்ஸ்பரி நகருக்கு அருகில் தடிமன் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே தங்கித் தம்மைப் பரிசோதனைக்கு ஒப்புக்கொடுத்த தொண்டர்களிற் சிலரைக் குளிப்பாட்டி, ஈரம் துவட்டாமல், ஈரக் காலுறைகளுடன் குளிர்காற்று வீசும் நடைபாதையில் நிற்கச் செய்தனர். பாவம், பற்கள் கிட்ட நின்றார்கள்! ஆயினும் குளிர் மாத்திரம் பட்டவர்களுக்குத் தடிமன் வரவில்லை. கிருமி இல்லாமல் குளிர் தானாக நோயை உண்டாக்குவதில்லை என்பது தெளிவாயிற்று.

எனில், கிருமி இருக்கும்போது குளிர் என்ன செய்கின்றது? இதற்கு விடை கிடைக்க இன்னும் அறுபது ஆண்டுகள் சென்றன. நியூ யோர்க்கில் பீற்றர் பலேசி என்னும் பேராசிரியரும் அனிஸ் லோவன் என்னும் ஆராய்ச்சியாளரும் இதனை ஆராய்ந்தனர். மனிதரிடத்து இச்சோதனையைச் செய்ய இயலாது. எலிகளோ இக்கிருமியை ஒன்றுக்கொன்று எளிதிற் பரப்புவதில்லை. இந்நிலையில் 1919ஆம் ஆண்டுப் பழைய மருத்துவக் குறிப்பொன்று அவர்களுக்குக் கிடைத்தது. நியூ மெக்சிக்கோவிலிருந்த படைமுகாமொன்றில் வீரர்களிடையே இன்புளுவென்சா பரவியபோது, அங்கே ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளும் இறக்கத் தொடங்கின என்று அதில் எழுதியிருந்தது. எண்பது ஆண்டுகளுக்கு மேலாக யாரும் பொருட்படுத்தாத அந்தக் குறிப்பு, புதிய ஆராய்ச்சிக்கு வழிகாட்டியது.

நோயுற்ற கினிப்பன்றிகளையும் நலமான கினிப்பன்றிகளையும் தனித்தனிக் கூடுகளில் அருகருகே வைத்து, வெப்பத்தையும் காற்றின் ஈரப்பதனையும் மாற்றி மாற்றிப் பார்த்தனர். 5 பாகை செல்சியஸ் குளிரிலும் வறண்ட காற்றிலும் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு விரைவாகத் தாவியது. 20 பாகையில், ஈரப்பதன் 80 சதவீதமாக இருந்தபோது தாவவில்லை. 30 பாகை வெப்பத்தில் காற்று வழியே தொற்றவே இல்லை. 2007இல் வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகில் பெரிதும் பேசப்பட்டது.

குளிர்ந்த காற்று நீராவியைத் தாங்கும் ஆற்றல் குறைந்தது. அந்தக் காற்றை வீட்டுக்குள் எடுத்துச் சூடாக்கினால், அது பாலைவனத்துக் காற்றைப்போல் வறண்டுவிடுகின்றது. கனடாவிலிருந்து வரும் உறவினர், "குளிர்காலத்தில் உதடு வெடிக்கும், மூக்கு உலர்ந்து இரத்தம் வரும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மூக்கின் உட்புறத்தை ஈரமாக வைத்திருக்கும் சளிப்படலமே கிருமியைத் தடுக்கும் முதற் காவலன். அது உலர்ந்தாற் காவல் தளர்கின்றது. மேலும், கதவும் யன்னலும் இறுக்கிப் பூட்டிய அறையில் பலர் ஒன்றாக அமர்ந்து, ஒருவர் விட்ட மூச்சையே மற்றவர் இழுக்கின்றனர். ஞாயிற்றின் ஒளியோ நாளுக்கு எட்டு மணி நேரம்; அதுவும் மேகத்துக்குப் பின்னால். ஆகவே குளிர்காலம் கிருமிக்கு மூன்று நான்கு கைகளால் உதவி செய்கின்றது என்பது உண்மையே.

ஆனால் ஒன்று. அதே ஆராய்ச்சியாளர் மறு ஆண்டு இன்னொரு பரிசோதனையை வெளியிட்டனர். இம்முறை நோயுற்ற கினிப்பன்றியையும் நலமான கினிப்பன்றியையும் ஒரே கூட்டில் விட்டுப் பார்த்தார்கள். அப்போது 30 பாகை வெப்பத்திலும் நோய் தடையின்றித் தொற்றியது. காற்று வழி அடைபட்டாலும் நெருக்கத்தின் வழி திறந்தே இருக்கின்றது. சமோவாவிலும் பம்பாயிலும் பிரீடவுணிலும் நடந்தது ஏன் என்பதற்கு இதில் ஒரு சாடை கிடைக்கின்றதல்லவா?

பனையோலை வேலியும் தீயும்

யாழ்ப்பாணத்து வேனிற்காலத்தில் பனையோலை வேலி தீப்பற்றியதைக் கண்டவர்களுக்கு அடுத்த செய்தியை விளக்குவது எளிது. வேலி முழுவதும் காய்ந்து கிடக்குமாயின், காற்று எந்தத் திசையிலிருந்து வீசினாலும், ஏன், வீசாமலே இருந்தாலும், தீ ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடிவிடும். இடையிடையே பச்சை மட்டையும் ஈர ஓலையும் இருக்கும் வேலியிலோ தீ தயங்கித் தயங்கிச் செல்லும். அப்போதுதான் காற்று அதன் தலைவிதியைத் தீர்மானிக்கின்றது. வீசினால் எரியும், ஓய்ந்தால் அணையும்.

புதிய கிருமியொன்று தோன்றும்போது, மனித குலம் முழுவதும் காய்ந்த வேலி. அதனை முன்னர் கண்ட உடல் எதுவுமில்லை. எதிர்ப்புச் சக்தி ஒருவரிடமும் இல்லை. ஆகவே பருவகாலம் எதுவாயினும் அது பரவும். பின்னர், பலர் நோயுற்றுத் தேறியும், தடுப்பூசி பெற்றும், இடையிடையே ஈர ஓலைகள் உண்டாகின்றன. அந்த நிலையிலேதான் குளிர்காலம் என்னும் காற்றுக்கு அதிகாரம் வருகின்றது. பிரின்ஸ்டன் சர்வகலாசாலை ஆய்வாளர்கள் 2020இல் கணித முறையாற் காட்டியதும் இதுவே: நோய் புதிதாக இருக்கும்வரை காலநிலையின் பங்கு சிறிது, நோய் பழகியபின் அந்தப் பங்கு பெரிதாகின்றது.

1957ஆம் ஆண்டு 'ஆசிய இன்புளுவென்சா' இதற்கு நல்ல சான்று. ஏப்ரில் மாதத்தில் ஹொங்கொங் நகரத்து வைத்தியசாலைகளின் முன்னே, கண்கள் மங்கிய குழந்தைகளைத் தாங்கிய தாய்மார் நீண்ட வரிசையில் நிற்கின்றனர் என்ற செய்தி நியூ யோர்க் பத்திரிகையில் வெளிவந்தது. அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி நிலையத்திலிருந்த மோரிஸ் ஹில்மன் என்னும் விஞ்ஞானி அதனைப் படித்த மாத்திரத்தில், வரவிருப்பது பெருந்தொற்று என்று உணர்ந்தார். அது அமெரிக்காவை எப்போது தாக்கும் என்பதையும் அவர் முன்கூட்டியே சொன்னார். அவர் குளிர்காலத்தைச் சுட்டவில்லை. "செப்டெம்பரில், பள்ளிக்கூடங்கள் திறக்கும்போது" என்றார். அப்படியே நடந்தது. ஒக்டோபரில் நோய் உச்சமடைந்தது. அவருடைய முயற்சியால் தடுப்பூசிகள் கோடிக்கணக்கிலே முன்னதாகத் தயாராகியிருந்தன என்பது பலர் அறியாத செய்தி.

இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. லூசியானா மாநிலத்தில் ஸ்ரோபெரிப் பழம் பயிரிடும் ஒரு பகுதியில், பிள்ளைகள் வசந்தகால அறுவடைக்கு உதவும்பொருட்டு அப்போது பள்ளிகளை மூடிவிடுவர். அதற்கு ஈடாக நடுக்கோடையிலேயே திறப்பார்கள். நாட்டின் மற்றப் பகுதிகள் அமைதியாயிருந்தபோதே, சுட்டெரிக்கும் கோடையில், அப்பகுதிப் பிள்ளைகளிடையே நோய் பரவிவிட்டது! சென்னைக்கோ அது மே மாதத்திலேயே, சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலொன்றில் வந்து இறங்கியது. மே மாதத்துச் சென்னை வெயிலை அறிந்தவர்களுக்கு நாம் மேலும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. 1958ஆம் ஆண்டின் முதல் மாதங்களில், அமெரிக்காவில் நோய் ஓய்ந்தது என எண்ணியிருந்த நேரத்தில், சாவு மீண்டும் உயர்ந்தது. இம்முறை மாண்டவர்களில் முதியோர் பலர். பள்ளிப் பிள்ளைகள் கொண்டுவந்த தீ, குளிர்காலத்தில் பாட்டன் பாட்டிமாரைத் தேடிச் சென்றது.

1968இல் ஹொங்கொங்கிலே தொடங்கிய அடுத்த பெருந்தொற்று, அமெரிக்காவில் அவ்வாண்டுக் குளிர்காலத்திலேயே, டிசெம்பர், ஜனவரி மாதங்களில், உச்சமடைந்தது. இங்கிலாந்திலோ முதற் குளிர்காலம் மென்மையாகக் கழிந்தது. 'தப்பிவிட்டோம்' என்று மக்கள் மூச்சுவிட்டனர். மறு குளிர்காலத்தில், 1969 - 70இல், அதே நோய் கடுமையாகத் திரும்பி வந்தது. 2009ஆம் ஆண்டுப் பெருந்தொற்றோ முற்றிலும் வேறுவிதம். ஏப்ரிலில் வெளிப்பட்டு, அமெரிக்காவில் ஒக்டோபர்க் கடைசியில் உச்சமடைந்து, எல்லாரும் அஞ்சிய ஜனவரியில் அடங்கிப்போயிற்று.

மூன்று பெருந்தொற்றுகள், மூன்று விதம். குளிர்காலத்தைக் குறித்துச் சோதிடம் சொல்வோர் சற்று நிதானிக்க வேண்டிய இடம் இதுவே.

கோவிட் காட்டிய கணக்கு

இனி, நம் காலத்துக் கதைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில், 'வெயில் ஏறினால் இக்கிருமி தானே மடிந்துவிடும்' என்று பலர் நம்பினர். பெரிய பதவிகளில் இருந்தோரும் அவ்வாறு பேசினர். வெயில் ஏறியது, கிருமி மடியவில்லை. அவ்வாண்டு ஜூலையில் அமெரிக்காவின் தென் மாநிலங்களான புளோரிடாவிலும் டெக்சாசிலும் நோய் மிகக் கூடியது. அங்கே கோடை வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் குளிரூட்டிய அறைகளுக்குள் அடைந்து கிடக்கின்றனர். வடநாட்டார் குளிருக்கு அஞ்சி யன்னலைப் பூட்டுவதற்கும், தென்னாட்டார் வெயிலுக்கு அஞ்சி யன்னலைப் பூட்டுவதற்கும் கிருமி வேற்றுமை பாராட்டுவதில்லை.

பின்னர் குளிர்காலம் வந்தது. அஞ்சியது அப்படியே நடந்தது. பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் 2021 ஜனவரி மிகக் கொடிய மாதமாயிற்று. அமெரிக்காவில் அந்த ஒரு மாதத்தில் மட்டும் 90,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். தொலைபேசிக்காகக் காத்திருந்த தாய்மாரின் அச்சம் வீண் அச்சமன்று. இந்த அளவோடு கதையை நிறுத்தினால், 'குளிர்காலமே காரணம்' என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் அதே மாதங்களில் இந்தியாவில் நடந்ததைப் பாருங்கள்.

2020 செப்டெம்பரில் இந்தியாவில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 97,000 பேர் புதிதாக நோயுற்றனர். அதன்பின், குளிர் மாதங்களான டிசெம்பர், ஜனவரியில் அந்தத் தொகை குறைந்துகொண்டே சென்றது. 2021 பெப்ரவரியில் ஏறத்தாழ 10,000 அளவுக்கு இறங்கிவிட்டது. டில்லியின் மூடுபனிக்குள்ளும் நோய் இறங்கியது! மக்கள் முகமூடியைக் கழற்றினர். திருமண மண்டபங்கள் நிறைந்தன. தேர்தற் கூட்டங்களும் திருவிழாக்களும் தொடங்கின. பெரும்பான்மையோரைக் கிருமி இன்னும் தீண்டியிருக்கவில்லை, அல்லது தீண்டிய எதிர்ப்புச் சக்தி போதவில்லை என்பதை எவரும் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த இடைவேளையில் கிருமி தன் உருவத்தை மாற்றிக்கொண்டது. ஏப்ரில், மே மாதங்களில், கோடை வெயில் கொளுத்தும் வேளையில், 'டெல்டா' என்னும் புதிய உருவம் நாடெங்கும் பாய்ந்தது. மே மாதத் தொடக்கத்தில் நாளொன்றுக்கு 4 இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். பிராணவாயு உருளைகளைத் தேடி மக்கள் தெருவில் ஓடிய காட்சி இன்னும் நம் கண்ணைவிட்டு அகலவில்லை. குளிர்காலத்தைத் தாண்டிவிட்டோம் என்ற துணிவே அந்த நாட்டுக்கு வினையாயிற்று என்பது நம் எண்ணம்.

தென்னாபிரிக்காவும் தன் கோடையிலேயே பெரிய அலைகளைக் கண்டது. 2020 டிசெம்பரில் ஒன்று. 2021 நவம்பர், டிசெம்பரில் 'ஒமிக்ரோன்' கொண்டுவந்தது மற்றொன்று. புதிய உருவம் ஒன்று பிறக்கும்போது, ஈர ஓலை மறுபடியும் காய்ந்த ஓலையாகிவிடுகின்றது.

இக்காலத்தில் இயற்கை நடத்திக் காட்டிய மற்றொரு பரிசோதனையையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020 - 21 குளிர்காலத்தில் வடநாடுகளிலே குளிருக்குக் குறைவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் தவறாது வரும் இன்புளுவென்சா அவ்வாண்டு வரவேயில்லை என்று சொல்லுமளவுக்குக் குறைந்தது. பள்ளிகள் மூடப்பட்டிருந்தன, விமானங்கள் நின்றிருந்தன, முகங்கள் மூடப்பட்டிருந்தன. இன்புளுவென்சாவின் ஒரு வகை 2020 மார்ச் மாதத்துக்குப் பின்னர் உலகத்தில் உறுதியாகக் காணப்படவேயில்லை. பல நூற்றாண்டுகளாகக் குளிரோடு பிணைக்கப்பட்டிருந்த நோய், குளிர் இருந்தும் வராமற்போயிற்று. அதற்கு மாறாக, கைக்குழந்தைகளைக் குளிர்காலத்தில் வாட்டும் மூச்சு நோயொன்று, கட்டுப்பாடுகள் தளர்ந்ததும் 2021 கோடையில் பல நாடுகளில் வந்து சேர்ந்தது. குழந்தை வைத்தியர்கள் நாட்காட்டியைப் பார்த்துத் திகைத்தனர்!

நமக்குக் குளிர்காலம் எது?

இதுவரை பிறநாட்டுக் கதைகளையே பேசிவந்தோம். நம் நாட்டில் நுவரெலியாவை நீக்கிவிட்டால், குளிர்காலம் என்று சொல்லத்தக்கது எங்கே இருக்கின்றது? கோவிட் நோய் இங்கே நடந்துகொண்ட விதம் கவனிக்கத்தக்கது. 2020 ஒக்டோபர் தொடக்கம் வரை இலங்கையில் இறந்தோர் 13 பேரே. அம்மாதம் மினுவாங்கொடையிலே ஆடைத் தொழிற்சாலையொன்றிலும், பின்னர் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்று வெடித்தது. 2021 சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் இன்னோர் அலை. மிகக் கொடிய காலமோ அவ்வாண்டு ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்கள், டெல்டாவின் காலம். ஒரே நாளில் 200க்கு மேற்பட்டோர் இறந்த செய்தியை வானொலியில் கேட்டோம். மீன் சந்தை, தொழிற்சாலை, புத்தாண்டுப் பயணம், புதிய உருவம்: எதிலும் வெப்பமானியின் பேச்சில்லை.

எனினும், சாதாரண இன்புளுவென்சா நம் நாட்டில் பருவம் பாராமல் வருவதன்று. மழைக்காலங்களை ஒட்டி, ஆண்டின் நடுப்பகுதியில் ஒருமுறையும், ஆண்டின் இறுதியில் ஒருமுறையுமாக அது தலைதூக்குவதை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். மழை பெய்யும்போது நாமும் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றாக உட்காருகின்றோம். பேருந்தின் யன்னல்களை இறக்கிவிடுகின்றோம். மழைக்காலமே நமது குளிர்காலம் போலும்!

இதனால் நடைமுறையில் ஒரு சங்கடமும் உண்டு. இன்புளுவென்சாக் கிருமி ஆண்டுக்கு ஆண்டு உருவம் மாறுவதால், தடுப்பூசியையும் மாற்ற வேண்டியிருக்கின்றது. எவ்வகைக் கிருமிக்கு எதிராக அதனைத் தயாரிப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை அறிவிக்கின்றது: வடகோளத்துக் குளிர்காலத்துக்காகப் பெப்ரவரியில், தென்கோளத்துக் குளிர்காலத்துக்காகச் செப்டெம்பரில். உலகத்தை இரண்டு குளிர்காலங்களாகப் பிரித்த இந்த ஒழுங்கில், குளிர்காலமே இல்லாத நாடுகள் எந்தப் பக்கம் சேர்வது? பூகோளப் படத்தில் நாம் வடகோளத்தில் இருக்கின்றோம். ஆனால் நோய் எந்த மாதத்தில் எழுகின்றது என்பதைப் பார்த்தே, அந்தந்த நாடு தனக்கேற்றதைத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கின்றது.

அடுத்த பெருந்தொற்று எப்போது வரும் என்பதை யாரும் அறியார். அது வரும்போது, 'குளிர்காலத்தில் முற்றுமா?' என்ற கேள்வி மீண்டும் எழும் என்பது மட்டும் நிச்சயம். அப்போது வெப்பமானியைப் பார்ப்பதற்கு முன், இந்தக் கிருமியை இன்னும் காணாத உடல்கள் எத்தனை, பள்ளிக்கூடம் திறப்பது எப்போது, கிருமி தன் உருவத்தை மாற்றிக்கொண்டதா என்று கேட்போர்க்கே ஓரளவாவது சரியான விடை கிடைக்கும். ஹில்மன் 1957இல் கேட்டதும் அதுபோன்ற கேள்வியையே.

இதற்கிடையில், கோவிட் நோயும் பழகிய நோய்களின் வரிசையில் மெல்லச் சேர்ந்து வருகின்றது. குளிர் நாடுகளில் அது குளிர்காலத்தில் எழுகின்றது. கோடையிலும் ஒருமுறை எட்டிப் பார்க்கின்றது. இன்னும் முழுமையாகப் பருவத்துக்கு அடங்கவில்லை. மார்கழி விடுமுறைக்குப் பிள்ளைகளிடம் செல்லும் நம் ஆச்சிமாரும் அப்புமாரும், கட்டுநாயக்காவில் 30 பாகை வெயிலில் விமானமேறி, ரொறன்ரோவில் உறைபனியில் இறங்குகின்றார்கள். கம்பளிச் சட்டை, காதுமூடி, கையுறை எல்லாம் வாங்கிப் பெட்டியில் அடுக்கியாகிவிட்டது. தெருவிலே நிற்கும் அந்த ஐந்து நிமிடக் குளிரைப் பற்றித்தான் எல்லாருக்கும் கவலை. உண்மையிலே அவர்களுக்கு நோய் காத்திருக்கும் இடம், உற்றார் உறவினர் இருபது பேர் கூடியிருந்து, பலகாரம் உண்டு, சிரித்துப் பேசும் அந்த வெதுவெதுப்பான வரவேற்பறையே. அங்கே யன்னலைச் சற்றுத் திறந்து வைக்கும்படி பேரன் சொன்னால், முதலில் மறுப்பவரும் ஆச்சியாகத்தான் இருப்பார்: "பனி வரும் பிள்ளை, பூட்டு!"